ஷ்யாமளாவுக்கு யாரையும் தெரியாது

அந்தக் காலத்து மாட்டுங்காவில் மூன்று ஷ்யாமளாக்கள் இருந்தார்கள். பாட்டு சொல்லிக்கொடுக்கும் ஷ்யாமளா, டாக்டர் வீட்டு ஷ்யாமளா, ஜெர்மன் ஷ்யாமளா. இது மூன்றாமவளைப் பற்றியது.

பாலக்காட்டிலிருந்து வந்து பம்பாயில் ஊன்றிப்போன குடும்பம். அப்பா காலமான பிறகு அண்ணன் கிட்டு கல்யாணம் செய்துகொண்டு செம்பூருக்குக் குடிபோனார். கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் மாடி வீட்டில் ஷ்யாமளாவும் அம்மா சுப்புலக்ஷ்மியும் மட்டும் இருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து சாயப்பொடி தருவிக்கும் ஒரு கம்பெனியில் அவளுக்கு ஸ்டெனோ வேலை. கம்பெனி தன் செலவில் நாலைந்து பேரை ஜெர்மன் படிக்க அனுப்பியது. மற்றவர்கள் கடிதம் அடிக்க வேண்டிய அளவுக்குக் கற்றுக்கொண்டு நின்றுவிட்டார்கள். ஷ்யாமளா நிற்கவில்லை.

அதற்குக் காரணம் ஒரு மனிதர். அவர் இறந்தே நூறு வருஷம் ஆகியிருந்தது.

கொலாபாவில் பழைய கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் எல்ஸா அம்மையார் வகுப்பு நடத்திவந்தார். யுத்தத்துக்கு முன்பே கணவரோடு ஜெர்மனியிலிருந்து பம்பாய்க்கு வந்து, அவரை இங்கேயே அடக்கம் செய்துவிட்டு, திரும்பிப் போகாமல் தங்கிவிட்டவர். ஒருநாள் டிக்டேஷனுக்காக ஷோப்பன்ஹவர் என்ற தத்துவஞானி எழுதிய ஒரு பத்தியை வாசித்தார். ஷ்யாமளாவுக்குப் பாதி வார்த்தைகள் புரியவில்லை. புரிந்த பாதி அவளை உலுக்கிவிட்டது. அகராதியை வைத்துக்கொண்டு, ஒரு வருஷம் போல உட்கார்ந்து, அந்த மனிதரை அவள் படித்தாள்.

நாம் யோசித்துக் காரணம் பார்த்து ஆசைப்படுவதாக நினைத்துக்கொள்கிறோம், உண்மை அப்படியில்லை என்றார் ஷோப்பன்ஹவர். எல்லாவற்றுக்கும் அடியில் கண்ணில்லாத ஓர் இச்சை ஓடிக்கொண்டிருக்கிறது. செடியை வெளிச்சத்துக்கு இழுப்பதும் மனிதனைக் கல்யாணத்துக்கு இழுப்பதும் அதுதான். அறிவு அதன் வேலைக்காரன். கேட்டது கிடைக்காதவரை வேதனை, கிடைத்துவிட்டால் சலிப்பு. சங்கீதம் கேட்கும்போது கொஞ்ச நேரம் அதிலிருந்து விடுதலை உண்டு. அடுத்தவன் வலியைத் தன் வலியாக உணர்வதில் இன்னும் கொஞ்சம் உண்டு. முழு விடுதலை, அந்த இச்சையைப் பார்த்து ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுவதில்தான் இருக்கிறது.

ஷ்யாமளா இதை ஏற்கெனவே செய்துவிட்டதாக நம்பினாள். இருபத்துமூன்று வயதில் செம்பூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் ரேடியோ ரிப்பேர் பற்றி நிறையப் பேசினான். அவளுக்கு அவன் குரல் பிடித்திருந்தது. எல்லாம் பேசி முடித்த பிறகு அவர்கள் மனசு மாறி, அவளுடைய சித்தி பெண்ணைக் கேட்டு முடித்துக்கொண்டார்கள். அந்தக் கல்யாணத்துக்கு ஷ்யாமளா போய் வாசலில் நின்று சந்தனம் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், “இனிமே எனக்குன்னு யாரையும் வரச்சொல்லாதே” என்றாள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. பல வருஷம் கழித்து, தான் செய்தது தோல்வி இல்லை, ஒரு பெரிய தத்துவத்தின் கடைசிப் படி என்று ஒரு ஜெர்மன்காரர் எழுதிவைத்திருப்பதைப் பார்த்ததும் அவள் அவரை விடாமல் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

மாட்டுங்காவில் ‘தமிழ் அன்பர் வட்டம்’ என்று ஒன்று இருந்தது. இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்த ஜம்புதான் செயலாளர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட ஹால் ஒன்றில் கூடுவார்கள். அங்கே ஷ்யாமளா ஷோப்பன்ஹவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அவர் உபநிஷத்துகளைக் கொண்டாடியவர் என்று சொன்னதும் ரிட்டையரான பெரியவர்கள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். மிச்சத்தை அவர்கள் எவ்வளவு கேட்டார்கள் என்பது வேறு விஷயம். கடைத்தெருவில் பூக்காரி முதல் கோவில் குருக்கள் வரை அவளை ஜெர்மன் ஷ்யாமளா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. இச்சையைத் துறந்தவளுக்கு அது பிடித்திருக்கலாமா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

சகாயராணி எல்ஸா அம்மையாரின் வகுப்பில் வந்து சேர்ந்தது அறுபத்துமூன்றாம் வருஷம். தாராவிக்காரி. அவள் அப்பா வேதமுத்து திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலிருந்து வந்து தோல் கிடங்கு ஒன்றில் மேஸ்திரியாக இருந்தார். அம்மா லூர்தம்மாள். ராணி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜெர்மனியில் நர்சுகளுக்கு வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு மொழி கற்க வந்திருந்தாள். ஷ்யாமளாவைவிட இரண்டு வயது இளையவள், ஆனால் பேச்சில் அது தெரியாது.

ராணி சயனில் ரயில் ஏறுவாள். அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்கா. பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் இடம் பிடித்துத் தன் பையை வைத்துக் காத்திருப்பாள். ஷ்யாமளா ஏறியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். இப்படித்தான் சிநேகம் ஆயிற்று. கடைசி ஸ்டேஷன் வி.டி. போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் ஜெர்மன் வினைச்சொற்களை ஒப்பிப்பார்கள். பிறகு வினைச்சொற்கள் போய் ஷோப்பன்ஹவர் வந்தார். ஷ்யாமளா தன் புத்தகத்தையே கொடுத்தாள். அம்மாவிடம்கூட அவள் அதைக் கொடுத்ததில்லை.

“அக்கா, இந்த மனுசன் ஆஸ்பத்திரியில வேலை பாத்திருப்பாரோ?” என்று ராணி ஒருநாள் கேட்டாள். “எங்க வார்டைப் பாத்து எழுதின மாதிரி இருக்கு.”

“நோக்குப் பிடிச்சிருக்கா?”

“பிடிச்சிருக்குன்னு சொல்ல மாட்டேன். ஆனா பொய் சொல்லல இந்த ஆளு.”

ஷ்யாமளாவுக்கு அன்று முழுக்க சந்தோஷமாக இருந்தது. தான் தனியாகக் கண்டெடுத்த ஒன்றை இன்னொருத்தியும் கையில் வாங்கிப் பார்த்து மதிப்பிட்டாள் அல்லவா.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் ராணி ஃபோர்ட் நடைபாதையில் விரித்திருந்த பழைய புத்தகங்களுக்குள்ளே ஒன்றைக் கண்டுபிடித்து வாங்கிவந்தாள். ஓரம் ஈரத்தில் ஊறியிருந்தது. ஷோப்பன்ஹவருக்கு அடுத்த தலைமுறை ஜெர்மன் தத்துவவாதி நீட்சே எழுதியது.

“இவரும் உங்க ஆளைப் பழைய புஸ்தகக் கடையிலதான் கண்டுபிடிச்சாராம். எல்ஸா அம்மா சொன்னாவ. வாலிப வயசுல, காலேஜ்ல படிக்கும்போது. கிறுக்குப் பிடிச்ச மாதிரிப் படிச்சிருக்காரு.”

“அப்பறம் அவரையே திட்டினார். தெரியும்” என்றாள் ஷ்யாமளா. “நன்றி கெட்டவன்.”

“திட்டல அக்கா. பாதியை எடுத்துக்கிட்டு பாதியை வேண்டாம்னுட்டாரு.”

“எந்தப் பாதி?”

ராணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். “அறிவுக்குக் கீழ ஒரு வேகம் இருக்கு, அதுதான் நம்மளை ஓட்டுது. அதை ஒத்துக்கிடுதாரு. வாழ்க்கைன்னா வலிதான், அதையும் ஒத்துக்கிடுதாரு. அதனால வாழ்க்கையைப் பாத்து வேண்டாம்னு சொல்லுன்னு உங்க ஆளு சொல்லுதாருல்ல, அங்க நின்னுட்டாரு. வலிக்குது, சரி. வலிக்குதுன்னா ஏன் வேண்டாம்னு சொல்லணும்? இம்புட்டு வலியோடயும் வேணும்னு சொல்லிப் பாருங்காரு.”

“அது வெறும் வீம்பு.”

“இருக்கலாம்” என்றாள் ராணி. “இன்னும் முழுசாப் படிக்கல.”

அதற்குப் பிறகு வந்த வகுப்புகளில் ஷ்யாமளா ஒன்றைக் கவனித்தாள். இத்தனை வருஷமாக எல்ஸா அம்மையார் அவளுடைய இலக்கணத்தைப் புகழ்ந்திருக்கிறார், உச்சரிப்பைப் புகழ்ந்திருக்கிறார். ராணி இலக்கணப் பிழையோடுதான் பேசினாள். ஆனால் அவள் பேசும்போது அம்மையார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார். எதிர்த்து வாதாடினார். சிரித்தார். ஒருமுறை மேஜையைத் தட்டினார். ஷ்யாமளாவோடு அவர் ஒருநாளும் வாதாடியதில்லை. அப்போதுதான் ஷ்யாமளாவின் நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்றது. அதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியும், தெரியாததுபோல் இருந்துகொண்டாள்.

ஜம்பு அந்த வருஷம் ராணியை வட்டத்துக்குப் பேச அழைத்தார். யோசனை சொன்னதே ஷ்யாமளாதான். பேச வேறு யாராவது உண்டா என்று அவர் கேட்டபோது, “ஜெர்மன் தத்துவம் தெரிஞ்ச இன்னொருத்தி இருக்கா, என்கிட்டே படிச்சவ” என்று அவள் தவறாகச் சொல்லியிருந்தாள். ராணி அவளிடம் படித்தவள் இல்லை, அவளோடு படித்தவள்.

அன்றைக்கு ஹால் நிறைந்துவிட்டது. வேதமுத்துவும் லூர்தம்மாளும் தாராவியிலிருந்து பத்துப் பதினைந்து பேரோடு வந்திருந்தார்கள். மாட்டுங்காப் பெரியவர்கள் ஒரு பக்கம், தாராவிக்காரர்கள் ஒரு பக்கம், நடுவில் கொஞ்சம் காலி நாற்காலிகள். ராணி வெள்ளைப் புடவையில், டியூட்டியிலிருந்து நேராக வந்து நின்றாள். கையில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

“எங்க வார்டுல குர்லாவில இருந்து மர்யம்னு ஒருத்தி வந்தா. ஸ்டவ் வெடிச்சு வயித்துல இருந்து கழுத்து வரைக்கும் வெந்து போச்சு. டாக்டருங்க ரெண்டு நாளுன்னாங்க. அவ முதல்ல கண்ணைத் திறந்து என்கிட்ட என்ன கேட்டா தெரியுமா? தலையைச் சீவி விடுன்னா.”

ராணி மாட்டுங்காப் பக்கம் திரும்பினாள்.

“ஷோப்பன்ஹவர்னு ஒருத்தரைப் பத்தி ஷ்யாமளாக்கா இங்க நெறையச் சொல்லியிருக்காங்க. அவர்கிட்ட கேட்டா, பாத்தியா, அந்தக் குருட்டு இச்சைதான் இந்த நெலமையிலயும் அவளை ஆட்டுதுன்னு சொல்லுவாரு. சரிதான். நீட்சேயும் சரிதான்னு சொல்லுவாரு. அதுவரைக்கும் அவரு ஷோப்பன்ஹவரோட பிள்ளை. ஆனா ஷோப்பன்ஹவர் அடுத்தபடியா, அந்த இச்சையை அணைச்சுட்டா அவளுக்கு நிம்மதின்னு சொல்லுவாரு. நீட்சே அங்கதான் மாட்டேன்னு திரும்பிக்கிடுதாரு. ஏன்னா தலையைச் சீவி விடுன்னு கேட்ட அந்த இச்சைதான் மர்யமைப் பொழைக்க வச்சுது. நாலு மாசம் கழிச்சு நடந்து வீட்டுக்குப் போனா.”

பிறகு அவள் படிப்படியாகச் சொன்னாள். உயிரோடு இருக்க வேண்டும் என்பது மட்டுமே இச்சை என்று ஷோப்பன்ஹவர் நினைத்தார். நீட்சே அதை மாற்றினார். வெறுமே இருப்பது இல்லை, வளர வேண்டும், தன்னை மீறிப் போக வேண்டும், அதற்காக உயிரையே பணயம் வைக்கவும் அது தயங்காது என்றார். இதே வாழ்க்கை இதே வலியோடு திரும்பத் திரும்ப வரும் என்றால் சம்மதமா என்று கேட்டார். ஷோப்பன்ஹவர் தந்த அஸ்திவாரத்தை இடிக்காமல், அதன் மேலே கட்டியிருந்த வீட்டை மட்டும் இடித்துவிட்டு வேறு வீடு கட்டினார்.

கடைசியில் ராணி இதையும் சொன்னாள்: “கைக்கு வராத ஒண்ணை வேண்டாம்னு சொல்லுதது மனுச இயல்பு. அதுல தப்பில்ல. ஆனா அப்படிச் சொன்னதைத் தன்னோட பெரிய குணம்னு நம்பிட்டா, வேணும்னு கேக்கிறவங்களைக் கீழாப் பாக்க ஆரம்பிச்சிருவோம். அந்த வியாதியைக் கண்டுபிடிச்சது நீட்சேதான்.”

அவள் ஷ்யாமளாவைப் பார்த்துச் சொல்லவில்லை. செம்பூர் வரனைப் பற்றி அவளுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஷ்யாமளாவுக்கு, சந்தனக் கிண்ணத்தோடு தன்னை மேடையில் நிறுத்திவைத்தது போலிருந்தது.

கூட்டம் முடிந்ததும் பெரியவர்கள் ராணியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஜம்பு ஷ்யாமளாவிடம் ஓடிவந்தார். “உம்ம சிநேகிதி அபாரம். அடுத்த மாசமும் அவளையே பேசச் சொல்லியாச்சு. உமக்கு ஆட்சேபணை இல்லையே?”

“நேக்கென்ன ஆட்சேபணை” என்றாள் ஷ்யாமளா.

வீட்டுக்கு வந்து, காபி ஆறிப்போயிருக்கிறது என்று அம்மாவிடம் சண்டை போட்டாள். சுப்புலக்ஷ்மி மறுபேச்சு பேசாமல் வேறு காபி போட்டுக் கொண்டுவந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, “அந்தப் பொண் நன்னாப் பேசித்தாமே. மாமிகள்லாம் சொல்றா” என்றாள். ஷ்யாமளா டம்ளரைத் தொடவில்லை.

அடுத்த நாளே நீட்சேயைப் படிக்க ஆரம்பித்தாள். அவரைத் தெரிந்துகொள்வதற்காக இல்லை, எங்கே இடறுகிறார் என்று கண்டுபிடிப்பதற்காக. ஷோப்பன்ஹவரைக்கூட அவள் இவ்வளவு ஆழமாகப் படித்ததில்லை. அவரை மடியில் வைத்துப் படித்திருந்தாள். இவரைக் கழுத்தைப் பிடித்துப் படித்தாள். படிக்கப் படிக்க ஒன்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இவர் எங்கே ஷோப்பன்ஹவரை வெட்டினாலும் வெட்டு ஆழமாக விழுந்தது. இவ்வளவு ஆழமாக வெட்ட, அந்த மனிதரை உள்ளும் புறமும் அறிந்திருக்க வேண்டும்.

ஷோப்பன்ஹவரே பொறாமையில் சளைத்தவர் இல்லை என்பதும் அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. பெர்லினில் அன்று பெரும் புகழோடு இருந்த தத்துவவாதி ஹெகலின் வகுப்பு நடக்கும் அதே நேரத்துக்குத் தன் வகுப்பை வைத்து, ஆள் வராமல் அவமானப்பட்டவர் அவர். எல்ஸா அம்மையார் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லியிருந்தார். முன்பு கேட்டபோது ஷ்யாமளா ஹெகலின் மேல் கோபப்பட்டாள். இப்போது அந்தக் காலி பெஞ்சுகள்தான் கண்முன்னே வந்தன.

கடைசியில் அவளுக்கு வேண்டியது கிடைத்தது. இரக்கம். ஷோப்பன்ஹவருக்கு அறத்தின் வேரே இரக்கம்தான். நீட்சே அதை மறுத்தார். இரக்கம் உலகத்தில் வலியை இரட்டிப்பாக்கும், பலவீனத்தைப் போற்றி வளர்க்கும் என்றார். ஒரு நர்ஸ் இவருக்காகப் பேசலாமா? இதைச் சபையில் கேட்டால் அவள் என்ன செய்வாள்?

அடுத்த மாதக் கூட்டத்தில் ராணி பேசி முடித்ததும் ஷ்யாமளா எழுந்து நின்றாள். நல்ல தமிழில், தயார் செய்துவந்த கேள்வியைக் கேட்டாள். “இரக்கத்தை வேண்டாம் என்று சொன்ன ஒருவரைப் பின்பற்றுகிறவர், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வது எந்த விதத்தில் நியாயம்?”

ஹாலே ராணியைப் பார்த்தது. ராணி முகத்தில் கலக்கம் தெரியவில்லை. நல்ல கேள்வி வந்த மகிழ்ச்சிதான் தெரிந்தது.

“அக்கா கேக்கது சரி. அந்த இடத்துல நீட்சே எனக்கு ஒத்துவரல. மர்யம் கையைப் பிடிச்சுக்கிட்டு நாங்க உக்காந்திருந்ததும் சேர்ந்துதான் அவ பொழைச்சா. அதைப் பலவீனம்னு யாரு சொன்னாலும் கேக்க மாட்டேன். ஷோப்பன்ஹவர்கிட்ட வேண்டியதை எடுத்துக்கிட்டு வேண்டாததை விட்டுட்டுப் போக நீட்சேக்கு உரிமை இருந்துச்சுன்னா, நீட்சேகிட்ட அதையே செய்ய எனக்கும் உரிமை இருக்குல்லா?”

தாராவிப் பக்கம்தான் முதலில் கைதட்டியது. பிறகு மாட்டுங்காப் பக்கமும் தட்டியது. ஷ்யாமளாவும் இரண்டு கைகளையும் சேர்த்தாள். சத்தம் வரவில்லை.

அந்த வாரம்தான் அது நடந்தது. கம்பெனி மேனேஜர் வேபர் டிக்டேஷனை நடுவில் நிறுத்திவிட்டு, ஜெர்மனியில் கொலோன் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் தன் மைத்துனர் பெரிய டாக்டர் என்றார். இந்தியாவிலிருந்து நர்சுகளை அழைத்துக்கொள்ளப் போகிறார்கள். அவர்களுக்கும் டாக்டர்களுக்கும் நடுவே நின்று பார்த்துக்கொள்ள, ஜெர்மன் நன்றாகத் தெரிந்த ஒரு நர்ஸ் முதலில் வேண்டும். “உங்கள் வகுப்பில் அப்படி யாராவது உண்டா?”

ஷ்யாமளாவின் பென்சில் தாளின் மேல் நின்றது. ராணியின் பெயர் நாக்குவரை வந்தது. கூடவே கண்ணாடியைக் கழற்றி வைத்த எல்ஸா அம்மையாரும், கைதட்டிய ஹாலும், இனி அவள் நீட்சேயின் நாட்டிலேயே போய் நடக்கப்போவதும் வந்தன.

“எனக்கு யாரையும் தெரியாது” என்றாள். சுத்தமான ஜெர்மனில், பிழையே இல்லாமல் சொன்னாள்.

வேபர் டிக்டேஷனைத் தொடர்ந்தார். அன்று மாலை வீடு திரும்பும் ரயிலில் ராணி வழக்கம்போல ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்தாள். ஷ்யாமளா உட்கார்ந்துகொண்டாள். வெட்கப்படுவோம் என்று எதிர்பார்த்திருந்தாள். வெட்கம் வரவில்லை, ஒரு திருப்திதான் வந்தது. தனக்குள் ஒன்றும் அணையவில்லை என்று அந்தத் திருப்திதான் அவளுக்குக் காட்டிக்கொடுத்தது. பத்து வருஷமாக ‘வேண்டாம், வேண்டாம்’ என்று சொல்லிச் சொல்லி மூடிவைத்திருந்த இச்சை அடியில் அப்படியே இருந்தது. தாதர் தாண்டும்வரை அவள் கையிலிருந்த பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

சில மாதங்கள் போயின. பாந்த்ரா பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஒருத்தி கொலோனுக்குப் போய்விட்டாள். அவளுக்கு ஜெர்மன் அரைகுறையாகத்தான் வரும் என்று பேச்சு. எல்ஸா அம்மையார் ஏதோ விருந்தில் வேபரைச் சந்தித்தபோது விஷயம் வெளியே வந்தது. அடுத்த வகுப்பில், எல்லோர் முன்னிலையிலும், கள்ளமில்லாமல் கேட்டார்: “ஷ்யாமளா, வேபர் உன்னைக் கேட்டாராமே. சகாயராணியின் பெயர் உனக்கு ஞாபகம் வரவில்லையா?”

ஷ்யாமளா நோட்டில் பக்கத்தைப் புரட்டினாள். ராணி அம்மையாரிடம் என்ன ஏது என்று மெல்ல விசாரித்துத் தெரிந்துகொண்டாள். பிறகு வகுப்பு முடியும்வரை குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

ரயிலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மசூதி பந்தர் ஸ்டேஷன் தாண்டியதும் ராணிதான் பேசினாள்.

“மறந்துட்டியளா அக்கா?”

அவள் ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கேட்டாள். ஆமாம் என்றால் போதும், அதோடு முடிந்துபோகும். ஷ்யாமளாவுக்கும் அது தெரிந்தது.

“இல்லை. மறக்கலை.”

“பின்ன?”

“நீ போறது நேக்குப் பிடிக்கலை.”

“ஏன்? நான் இல்லாட்டி தனியாப் போயிருவியளோன்னா?”

“அப்படி இருந்தா கௌரவமா இருக்கும். அது இல்லை. நீ போயி இன்னும் பெரியவளா ஆயிடுவியேன்னுதான். நான் இந்த ரயில்லயே இருப்பேன். பொறாமைடி. வேற பேர் இல்லை அதுக்கு.”

பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரி, பாஷை புரியாவிட்டாலும், இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ராணி பையின் வாரை இழுத்துக் கட்டினாள். பிறகு சொன்னாள்: “அன்னைக்கு சபையில எந்திச்சுக் கேட்டியல்லா, அது சண்டை. என்னைக் கவுக்கத்தான் கேக்கியன்னு தெரியும். இருந்தாலும் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. நேருக்கு நேரா நின்னு கேட்டிய. இது சண்டை இல்ல அக்கா. இருட்டுல ஒளிஞ்சு கல்லெறியுதது. மூணு வருசமா நான் இந்த வேலைக்குத்தான் படிக்கேன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“எங்க அம்மா உங்களைப் பத்தி அக்கம்பக்கம் பூரா பெருமையாச் சொல்லிட்டுத் திரியுதா. அவகிட்ட நான் என்னத்தைச் சொல்ல?”

மாட்டுங்கா வந்தது. ஷ்யாமளா இறங்கவில்லை. சயனில் ராணி எழுந்தபோது அவளும் கூடவே இறங்கினாள். பிளாட்பாரத்தில் ராணி திரும்பிப் பார்த்து, “உங்க ஸ்டேசன் போயிட்டு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள். ஷ்யாமளா அவள் பின்னால் போகவில்லை. மாட்டுங்காவுக்கு நடந்தே திரும்பினாள்.

மறுநாள் வேபரின் அறைக்குப் போய், தான் பொய் சொன்னதாகவும், சகாயராணி என்பவள் மூன்று வருஷமாகத் தன்னோடு படிப்பதாகவும் சொன்னாள். வேபர் அவளை வினோதமாகப் பார்த்தார். இடம் நிரம்பிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் அந்த மாதத்திலிருந்து அந்தரங்கக் கடிதங்களுக்கு வேறொரு ஸ்டெனோவைக் கூப்பிட ஆரம்பித்தார். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று ஷ்யாமளா நினைத்திருந்தாள். ஆகவில்லை. வேலையில் ஒரு படி இறங்கியதுதான் மிச்சம்.

ராணி அடுத்த பெட்டியில் ஏற ஆரம்பித்தாள். வகுப்பில் பார்த்தால் பேசுவாள், இலக்கணம் கேட்டால் சொல்லுவாள், அவ்வளவுதான். அறுபத்தாறில் கன்னியர் மடம் ஒன்றின் மூலமாக அவளுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. ஷ்யாமளாவின் உதவி அதில் கொஞ்சம்கூட இல்லை. ஏர்போர்ட்டுக்குப் போய்வந்த ஜம்புதான் செய்தி சொன்னார். கேட்டதும் பழைய சுருக் திரும்பவும் வந்தது. குற்றம் செய்து வருந்தியவளுக்கு அது போயிருக்க வேண்டும், போகவில்லை. அதை ஒளித்து வைக்கக் கூடாது என்பதை மட்டும் அவள் பழகிக்கொண்டாள். அம்மாவிடம் போய், “ராணி ஜெர்மனி போயாச்சு. நேக்கு வயிறெரியறது” என்றாள்.

“எரிஞ்சா மோர் குடி” என்றாள் சுப்புலக்ஷ்மி, அரிசி களைந்துகொண்டே. அவளுக்குப் பாதிதான் புரிந்தது.

வட்டத்தில் பேச ஆள் இல்லாமல் போனதால் ஜம்பு மறுபடி ஷ்யாமளாவைக் கேட்டார். இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாம் தடவை ஒத்துக்கொண்டாள். தலைப்பைக் கேட்டதும் ஜம்புவுக்கு ஆச்சரியம். நீட்சே ஷோப்பன்ஹவரை எப்படி மறுத்தார் என்பதுதான் தலைப்பு.

அன்று ஹாலில் பாதி நாற்காலிகள் காலி. தாராவியிலிருந்து லூர்தம்மாள் மட்டும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஷ்யாமளா ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டு மேடை ஏறினாள். ஒருவரை அலட்சியம் செய்வது சுலபம், மறுப்பது கஷ்டம் என்று ஆரம்பித்தாள். அலட்சியம் செய்ய எதுவும் தெரிய வேண்டாம். மறுக்க, அவரோடு வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தியிருக்க வேண்டும். நீட்சே பின்னாளில் எழுதியதில்கூட ஷோப்பன்ஹவரோடு தகராறு நிற்கவில்லை. விட்டுவிட்ட ஆளோடு யாரும் அவ்வளவு தகராறு செய்வதில்லை. ஆனால் மறுக்கப்பட்டவர் அதைக் கேட்க உயிரோடு இல்லை. உயிரோடு இருந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ தெரியாது, அவர் சுபாவத்துக்கு நிச்சயம் கோபப்பட்டிருப்பார் என்றாள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இரக்கத்தைப் பற்றிய இடம் வந்தபோது, “இந்த இடத்தில் நான் சொல்லப்போவது என் கருத்து இல்லை, சகாயராணியின் கருத்து” என்று பெயரைச் சொல்லிவிட்டுச் சொன்னாள்.

முடிந்ததும் லூர்தம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஒண்ணும் வெளங்கல தாயி. ஆனா எம்மவ பேரு வந்துச்சுல்லா, அது போதும்” என்றாள். மகள் அவளிடம் எதையும் சொல்லவில்லை என்று அப்போதுதான் ஷ்யாமளாவுக்குத் தெரிந்தது.

ராணி லீவில் வந்தது அறுபத்தொன்பது கிறிஸ்துமஸுக்கு. எல்ஸா அம்மையாருக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போன இடத்தில் ஷ்யாமளாவும் இருந்தாள். இருவரும் படியிறங்கிச் சேர்ந்து நடந்தார்கள். ராணி தலைமுடியைக் கத்தரித்திருந்தாள். நடையில் ஒரு வேகம் கூடியிருந்தது. அவள் ஜெர்மனில் இரண்டு வாக்கியம் பேசியபோது அதில் ஒரு பிழையும் இல்லை.

“எப்படி இருக்கு அங்கே?” என்று கேட்டாள் ஷ்யாமளா.

“குளிரு. வேலை ஜாஸ்தி. மொதல் வருசம் அழுதேன். இப்ப என் வார்டுல நான்தான் பெரிய நர்ஸ்.”

“கேக்கறச்சே பொறாமையா இருக்குடி.”

ராணி நின்று அவள் முகத்தைப் பார்த்தாள். “இன்னுமா?”

“இன்னும்தான். சொல்லிட்டேன்.”

“சொல்லுங்க, பரவால்ல” என்றாள் ராணி. “நான் இன்னும் அதை மறக்கல, அதையும் சொல்லிருதேன்.”

“மறக்க வேண்டாம்.”

பஸ் ஸ்டாப்பில் நின்றபோது ராணி, அங்கே தன் கூட வேலை பார்க்கும் ஒருத்தி நீட்சேயைக் கண்டபடி திட்டுகிறாள் என்றும், அவளோடு தினமும் சாப்பாட்டு வேளையில் சண்டை என்றும் சொன்னாள். ஷ்யாமளா உடனே அந்தப் பெண் என்ன சொல்லித் திட்டுகிறாள் என்று கேட்டாள். ராணி சொன்னாள். அது தப்பு என்றாள் ஷ்யாமளா. எப்படித் தப்பு என்றாள் ராணி. பஸ் வந்தது, போனது. அடுத்த பஸ்ஸில் இரண்டு பேரும் நின்றுகொண்டே வாதாடியபடி வி.டி. வந்து சேர்ந்தார்கள்.